படிப்பில் நாட்டமில்லை

டீச்சருக்கும் எனக்கும் முதல் சண்டை அறிவிப்புப் பலகையில் ஆரம்பித்தது. பார்வையாளர் நேரம் மாறியதைப் பற்றி ஒரு பக்கம் தட்டச்சு செய்து, கண்காணிப்பாளர் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, நாலு மூலையிலும் குண்டூசி குத்தி வைத்திருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் மூன்று இடங்களில் சிவப்பு வட்டம். பக்கத்திலேயே சரியான எழுத்து, அதுவும் சிவப்பில். யார் வேலை என்று விசாரிக்கத் தேவையே இல்லை. அந்தக் கட்டடத்தில் சிவப்பு மைப் பேனா வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அது பெண் பிள்ளைகளுக்கான சிறார் இல்லம். ஏதோ ஒரு வழக்கில் மாட்டிய, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை அங்கே வைத்திருப்பார்கள். இரண்டு மாதமோ, இரண்டு வருடமோ, நீதிமன்றம் சொல்லும்வரை. இல்லம் என்று பெயர் வைத்த புண்ணியவான் அங்கே ஒரு வேளைகூடச் சாப்பிட்டிருக்க மாட்டார். நான் அங்கே எழுத்தர். பிள்ளை உள்ளே வரும்போது ஒரு கோப்பு திறப்பேன், வெளியே போகும்போது அதைக் கட்டி அலமாரியில் போடுவேன். நடுவில் நடப்பதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டு பதினெட்டு வருடம் நிம்மதியாக ஓட்டியிருந்தேன்.

டீச்சர் வந்து அந்த நிம்மதியைக் கெடுத்தார். அவர் விரும்பி வந்தவர் இல்லை. பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர். ஒரு பெரிய மனிதரின் பேரனுக்கு இருபத்தேழு மதிப்பெண் போட்டுவிட்டார். தலைமையாசிரியர் அதை முப்பத்தைந்து ஆக்கச் சொன்னார். முதலில் நயமாகச் சொன்னார், பிறகு பயமுறுத்திச் சொன்னார். டீச்சர் விடைத்தாளை எடுத்துப்போய் அவர் மேஜைமேல் வைத்து, "நீங்களே போட்டுக்கோங்க சார். ஆனா என் பேனாவைத் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த வாரமே மாற்றல் உத்தரவு. தண்டிக்க வேண்டிய ஆசிரியர்களை எங்கள் இல்லத்துக்குத்தான் அனுப்புவார்கள். பிள்ளைகளும் தண்டனைக்கு வந்தவர்கள், வாத்தியார்களும் தண்டனைக்கு வந்தவர்கள் என்றால் அந்த வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டீச்சருக்கு முன்னால் இருந்தவர் வருகைப் பதிவேட்டைக் குறித்துவிட்டு மத்தியானம்வரை ஸ்வெட்டர் பின்னுவார்.

வகுப்பறை என்று இருந்தது பழைய சலவை அறை. தரை நாலு பக்கமும் நடுவிலிருந்த வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். சாக்பீஸ் கைதவறினால் உருண்டுபோய் வடிகாலில் விழும். டீச்சர் வந்த முதல் நாளே ஒரு பலகையைக் கேட்டு வாங்கி வடிகாலை மூடினார். இரண்டாம் நாள் ஒன்பது மணிக்கு ஆரம்பித்த வகுப்பு ஆறு வருடத்தில் ஒருநாள்கூட ஒன்பது ஐந்துக்கு ஆரம்பித்ததாக எனக்கு நினைவில்லை. எழுத்தே தெரியாத பத்து வயதுக்காரியும் பொதுத்தேர்வு எழுத வேண்டிய பதினாறு வயதுக்காரியும் ஒரே அறையில். எல்லாருக்கும் தேர்வு வைப்பார். பூஜ்யம் வாங்கினவளுக்குப் பூஜ்யம்தான். பாவம் பார்த்து ஒன்று இரண்டு போடுகிற பழக்கமே இல்லை. பிள்ளைகள் முதல் மாதம் திட்டித் தீர்த்தார்கள். மூன்றாவது மாதம் ஒருத்தி ஏழு மதிப்பெண் வாங்கிவிட்டு அதைச் சமையல்காரம்மா முதல் வாசல் காவலர்வரை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாள். டீச்சர் ஏழு போட்டால் அது நிஜமாகவே ஏழு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். அவர் தடம் எங்கள் வாசல் வழியாகத்தான். பன்னிரண்டு மணி வாக்கில் இரண்டு தடவை லேசாக ஹாரன் அடித்துவிட்டுப் போவார். டீச்சர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார். ஆனால் பிள்ளைகள் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். அந்த வகுப்பில் அனுமதிக்கப்பட்ட ஒரே கவனக்குறைவு அதுதான்.

டீச்சர் வந்து ஒரு வருடம் போல ஆனபோது வக்கீல் வந்து சேர்ந்தாள். பட்டம் பிள்ளைகள் வைத்தது. வந்த அன்றைக்கே எதற்கு எட்டு மணிக்குக் கதவைப் பூட்டுகிறீர்கள், எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டவள் அவள். பதினைந்து வயது. காலையிலும் சாயங்காலமும் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவி, நடுவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஒரு கைக்கடிகாரம் காணாமல் போனது. கடிகாரம் கடைசிவரை கிடைக்கவில்லை, வழக்கும் கடைசிவரை முடியவில்லை. அது வேறு விஷயம்.

அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர். அப்பா இல்லை. பதினொரு வயதில் ஒரு தங்கை. அவளைப் பாப்பா என்றுதான் வக்கீல் சொல்வாள். அந்த வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். வக்கீல் உள்ளே வந்த அன்றிலிருந்து அவள் கவலை ஒன்றே ஒன்றுதான். தான் சீக்கிரம் திரும்பிப் போகவில்லை என்றால் அம்மா பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிடுவார். பாப்பாவுக்கு அப்போதுதான் வகுத்தல் கணக்கு நடந்துகொண்டிருந்ததாம். அது அவளுக்கு வரவில்லை, நான்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், பாதியில் நிற்கிறது என்று டீச்சரிடம் தினமும் சொல்வாள். டீச்சர் தினமும், "நீ நல்லாப் படி. சீக்கிரம் போயிடலாம்" என்று பதில் சொல்வார். அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். நன்றாகப் படித்தால் அடுத்த வகுப்புக்கு அனுப்புவார்கள் என்பது இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது.

வக்கீலின் வழக்கு விசாரணைக்கு வர மூன்று வாரம் இருந்தபோது எங்கள் இரண்டாவது சண்டை நடந்தது. நான் அடித்து ஒட்டிய சுற்றறிக்கை ஒன்றை டீச்சர் பலகையிலிருந்து கழற்றிக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டார். இதில் மூன்று பிழைகள் இருக்கின்றன, கண்டுபிடியுங்கள் என்று அதையே பாடமாக்கிவிட்டார். நான் அதைத் தேடிக்கொண்டு போய் வாசலில் நின்ற நேரம் பார்த்து வக்கீல் எழுந்து, "டீச்சர், நாலாவது ஒண்ணு இருக்கு" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சுற்றறிக்கையை வாங்காமலே திரும்பி வந்தேன். ஐம்பது வயதை நெருங்குகிற மனிதன் பதினைந்து வயதுப் பெண்மேல் கறுவிக்கொண்டு திரிந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் திரிந்தேன்.

ஒவ்வொரு விசாரணைக்கும் முன்னால் நீதிமன்றத்துக்கு ஓர் அறிக்கை போகும். அதில் கல்வி என்று ஒரு பகுதி. ஆசிரியர் கையால் எழுதித் தருவார், நான் தட்டச்சு செய்வேன், கண்காணிப்பாளர் அம்மா கையெழுத்துப் போடுவார். முந்தைய ஆசிரியர்கள் எதுவும் எழுதித் தந்ததில்லை. நானே பழைய கோப்பைப் பார்த்து இரண்டு வரி அடித்துவிடுவேன். வக்கீலுக்கு டீச்சர் ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். இந்த மாணவியின் அறிவுத்திறன் வியக்கத்தக்கது, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெறக்கூடியவள், இவளுடைய கல்வி எக்காரணத்தாலும் தடைபடக் கூடாது என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முத்து முத்தான கையெழுத்து.

படித்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் நீதிமன்றத்தில் அறிக்கையை எப்படிப் படிப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. கோப்புகள் கட்டுக்கட்டாக வரும். நீதிபதி கடைசி வரியைத்தான் பார்ப்பார். இந்தப் பிள்ளைக்கு இல்லத்தால் நன்மை நடக்கிறது என்று அந்த வரி சொன்னால், நன்மை தொடரட்டும் என்று எழுதுவார். அதற்கு மூன்று வருடம் முன்னால் ஒரு பெண் தையல் நன்றாகக் கற்கிறாள் என்று அடித்து அனுப்பினேன். தையல் பயிற்சி முடியும்வரை எட்டு மாதம் உள்ளேயே வைத்துவிட்டார்கள். எங்கள் இடத்தில் ஒரு பிள்ளையைப் பாராட்டினால் அது பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு. "டீச்சர், கடைசி வரியை எடுத்துடுங்க" என்று நான் சொல்லியிருந்தால் போதும். நாலே வார்த்தை.

நான் சொல்லவில்லை. டீச்சர் பெரிய படிப்பாளி, பிழை பார்க்கிறவர், அவருக்கு நான் போய்ச் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்தேன். ஓர் எழுத்தும் மாற்றாமல் அடித்தேன். என் வாழ்க்கையிலேயே பிழையில்லாமல் நான் அடித்த பக்கம் அதுதான். டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

விசாரணை அறை பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கக் கூடாது என்று வட்டமேஜை போட்டு, பறவைப் படம் போட்ட திரைச்சீலை கட்டியிருந்தார்கள். நீதிபதி அம்மா நல்லவர். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடுகடுத்த மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அறிக்கையின் கடைசி வரியை அவர் வாய்விட்டே படித்தார். முகம் மலர்ந்தது. இப்படி ஒரு பிள்ளையை இந்த நேரத்தில் வெளியே அனுப்பி, படிப்பு கெட்டுப்போனால் அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டார். பொதுத்தேர்வு முடியும்வரை, பதினொரு மாதம், இல்லத்திலேயே இருந்து படிக்க உத்தரவு போட்டார். வக்கீல் எழுந்து நின்றாள்.

"அம்மா, நான் வீட்டுக்குப் போறேன். தங்கச்சி இருக்கா."

"அவளை உங்க அம்மா பாத்துக்குவாங்க. நீ உன் படிப்பைப் பாரும்மா. எல்லாம் உனக்காகத்தான்."

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை, அவள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றுதான் எழுதினேன், அறிக்கையை மாற்றி எழுதித் தருகிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். நீதிபதி அம்மா அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். "உங்கள மாதிரி நாலு டீச்சர் இருந்தாப் போதும்" என்று சொல்லி, வக்கீலுக்கு ஒரு பேனா பரிசாகக் கொடுத்தார். அவள் அதை வாங்கவில்லை. நான்தான் வாங்கிக் கோப்புக்குள் வைத்தேன்.

திரும்பி வரும்போது வேனில் டீச்சர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். பாதி தூரம் போன பிறகு கேட்டார்.

"சார், இத்தனை வருஷமா இதைத்தானே டைப் பண்றீங்க. உங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியாது டீச்சர்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இன்றைக்கும் அந்தச் சாலையில் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருந்தது என்று வரிசையாகச் சொல்வேன்.

அதன் பிறகு டீச்சர் மூன்று மனு எழுதினார். மூன்றையும் கண்காணிப்பாளர் அம்மா மேலே அனுப்பாமல் நிறுத்திவிட்டார். நீங்களே எழுதி, அதை நீங்களே மறுத்தால் இல்லத்தின் மரியாதை என்ன ஆவது என்று கேட்டார். இரண்டாவது மாதம் பார்வையாளர் நாளில் வக்கீலின் அம்மா தனியாக வந்தார். பாப்பா எங்கே என்று வக்கீல் கேட்டாள். வேலைக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னார். இரண்டு வீடு. பள்ளிக்கூடத்தில் பெயரை எடுத்தாகிவிட்டது. எந்த விதியில் இருக்கிறது என்று அவள் அதற்குப் பிறகு யாரையும் கேட்டதில்லை. பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

படித்தாள். படிக்காமல் இருந்து பழிவாங்குவாள் என்று நான் எதிர்பார்த்தேன், அப்படி நடக்கவில்லை. டீச்சர் பலகையில் எழுதுவதை எழுதினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். தேர்வு எழுதினாள். எங்கள் இல்லத்தின் வரலாற்றில் அவ்வளவு மதிப்பெண் யாரும் வாங்கியதில்லை. நீதிபதி அம்மா பூங்கொத்தோடு வந்தார். கூடத்தில் புகைப்படம் எடுத்து மாட்டினார்கள். படத்தில் எல்லாரும் சிரிக்கிறோம், இரண்டு பேரைத் தவிர.

அவள் கிளம்பிய அன்று சான்றிதழை நான்தான் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். டீச்சர் என் அறை வாசலில் வந்து நின்றார். வக்கீல் பதினொரு மாதம் கழித்து முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க என்னைப் பத்தி நல்லதா எழுதாம இருந்திருக்கலாம் டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. தேர்வில் ஒரு கணக்கை வேறு மாதிரி போட்டிருக்கலாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். டீச்சர், "ஆமாம்மா" என்றார். அவ்வளவுதான் அவர்கள் பேசியது.

மறுவாரம் வேறொரு பெண்ணின் விசாரணை. பதினான்கு வயது, என் கண்ணெதிரேயே கூட்டல் கற்றுக்கொண்டு பின்னம்வரை வந்தவள். டீச்சர் அறிக்கையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். முழுப் பக்கம் இல்லை, இரண்டு வரி. படிப்பில் நாட்டமில்லை. இல்லத்தில் தொடர்ந்து இருப்பதால் கல்வியில் பயன் எதுவும் இல்லை. அதே முத்தான கையெழுத்து.

"இதை இப்படியே அடிங்க சார். இதைப் படிச்சா என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல."

தெரியும் என்றேன். வேனில் நான் சொன்ன பொய்யை அவர் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறார். அதைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு சமாதானம் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை அந்த அம்மா.

அந்தப் பெண் பத்து நாளில் வீட்டுக்குப் போனாள். அப்புறம் எல்லாருக்கும் அதே இரண்டு வரிதான். நாலு வருடம். ஒரு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட மாட்டேன் என்று வேலையையே பணயம் வைத்தவர், நாலு வருடம் என் மேஜையில் பொய்யாகக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளைக் கையிலிருந்து விடுவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆனால் வகுப்பில் முன்னைவிட மும்முரமாகச் சொல்லிக்கொடுத்தார். ஒருத்தி எப்போது போவாள் என்று தெரியாது, போவதற்குள் முடிந்ததை ஏற்றிவிட வேண்டும் என்கிற அவசரம். தேர்வுகள் நடந்தன. விடைத்தாள்களில் நிஜ மதிப்பெண் சிவப்பில் இருக்கும். அவற்றைக் கட்டுக்கட்டாக வகுப்பறை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். நீதிபதி அம்மா மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்தார், அவரும் போய் இன்னொருவர் வந்தார். கடைசி வரியைப் படிக்கிற வழக்கம் மட்டும் மாறவில்லை.

நாலாவது வருடக் கடைசியில் கல்வித் துறையிலிருந்து ஆய்வு அலுவலர் வந்தார். சின்ன வயது, சுறுசுறுப்பு, கையில் பலகை மாதிரி ஒரு கணினி. எங்கள் அறிக்கைகளையெல்லாம் அதில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். நூற்றுப் பதினேழு பிள்ளைகள், நூற்றுப் பதினேழு பேருக்கும் படிப்பில் நாட்டமில்லை. ஒருத்திக்குக்கூடவா வரவில்லை என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

பிறகு வகுப்புக்குள் போய் ஒரு புத்தகத்தைப் பிரித்து, முன்வரிசையில் இருந்த சுண்டுவிடம் நீட்டினார். பத்து வயது, கூட்டத்திலேயே சின்னவள் என்பதால் அந்தப் பெயர். முந்தின நாள்தான் அவள் என் மேஜைக்கு எதிரில் நின்று, என் பக்கம் திருப்பி வைத்திருந்த கோப்பின் தலைப்பைத் தலைகீழாகவே கடகடவென்று படித்துக் காட்டிவிட்டு ஓடியிருந்தாள். சுண்டு புத்தகத்தைப் பார்த்தாள். திரும்பிப் பெரிய பெண்களைப் பார்த்தாள். அப்புறம் முதல் எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, "ப... ட..." என்று இழுத்தாள். அடுத்த எழுத்து தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். புத்தகம் அடுத்தவளிடம் போனது. அவளுக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

டீச்சர் அவர்களுக்கு அப்படிச் சொல்லிவைத்தாரா என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். இல்லை என்றார். பிள்ளைகளுக்கு அது யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது. தெரிந்ததைக் காட்டினால் இங்கே வீட்டுக்குப் போக முடியாது. ஒருத்தி போகும்போது அடுத்தவளிடம் அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வகுப்பில் எல்லாரும் தவறாமல் தேறிய பாடம் அது.

சுண்டு திக்கித் திக்கிப் படித்தபோது டீச்சர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. தான் பெற்றதைத் தானே இல்லை என்று சொல்கிற முகம். இரும்பு அலமாரி அவருக்குப் பின்னால்தான் இருந்தது, சாவி என் சட்டைப்பையில். திறந்து நூற்றுப் பதினேழு பேரின் தாள்களையும் அந்தப் பையன் முன்னால் கொட்டலாம் என்று கையைப் பைக்குள் விட்டுவிட்டேன். டீச்சர் லேசாகத் தலையை அசைத்தார். வேண்டாம். திறந்தால் நீதிமன்றத்துக்குப் போன அத்தனை அறிக்கையும் பொய் என்றாகும். வீட்டுக்குப் போனவர்களின் கோப்புகளை மறுபடி பிரிப்பார்கள். முன்பு ஒரு தடவை வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டேன். இந்தத் தடவை திறக்கத் துடித்தபோது மூடச் சொல்லிவிட்டார்.

காரணம் என்னவென்று எழுதட்டும் என்று அலுவலர் கேட்டார். டீச்சர் மேஜைமேலிருந்த சிவப்புப் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்.

"எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியலைன்னு எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. வகுப்பு பயனற்றது, மூடலாம். ஆசிரியரை ஒரு அலுவலகத்தில் பாடப்புத்தகக் கட்டுகளைச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றலாம். அவருடைய பணிப்பதிவேட்டில் ஈடுபாடு குறைவு என்று ஒரு வரி ஏறியது. அதையும் நான்தான் அடிக்க வேண்டியிருந்தது. பிரிவு உபசாரம் என்று எதுவும் இல்லை. பயனற்ற வகுப்பை நடத்தியவருக்கு யார் மாலை போடுவார்கள். அவர் கணவர் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். விடைத்தாள் கட்டுகளை நாலு பைகளில் போட்டு இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வாசல்வரை ஒரு பையைத் தூக்கினேன். "போதும் சார், குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். ஒரு வருடத்தில் ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. பார்த்து என்ன சொல்ல.

பழைய சலவை அறையில் இப்போது உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்திருக்கிறோம். வடிகாலை மூடிய பலகை அப்படியே கிடக்கிறது.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். பதினேழு வயது. வேலை பார்த்த வீட்டில் கைபேசி காணவில்லை என்று வழக்கு. புதுக் கோப்பு திறந்து, பெயர் கேட்டு, முகவரி கேட்டு அடித்துக்கொண்டே வந்தேன். முகவரியில் பாதி அடிக்கும்போதே விரல் நின்றுவிட்டது. அந்த முகவரியை நான் முன்பே ஒரு தடவை அடித்திருக்கிறேன். அக்கா இருக்கிறாளா என்று கேட்டேன். இருக்கிறாள், பத்தாவது படித்திருப்பதால் துணிக்கடையில் சேர்த்துக்கொண்டார்கள், நாள் பூராவும் நிற்க வேண்டும் என்றாள். அப்புறம் அவளே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சார், இங்க ஒரு டீச்சர் இருப்பாங்கன்னு அக்கா சொன்னா. அஞ்சாவதோட நின்னவங்களுக்கும் சொல்லித் தருவாங்களாம்."

"உங்க அக்காவா சொன்னா?"

"ஆமா சார். அந்த டீச்சர்கிட்ட படிச்சா எல்லாம் வந்துரும்னா. எனக்கு வகுத்தல் மட்டும்தான் வராது."

இப்போது இல்லை என்றேன். எப்போது வருவார் என்று கேட்டாள். முகவரியின் மீதியை அடிக்க ஆரம்பித்தேன். வேண்டுமானால் தானே பழைய புத்தகம் ஏதாவது இருந்தால் பார்த்துப் படித்துக்கொள்வதாகச் சொன்னாள். கட்டில் அறையிலிருந்து ஒரு கணக்குப் புத்தகத்தைத் தேடித் தூசி தட்டிக் கொடுத்தேன். அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் அவளுக்கு விசாரணை. ஆசிரியர் இல்லாததால் கல்விப் பகுதியையும் இப்போது நானே நிரப்புகிறேன். அவள் உள்ளே கூடத்தில் உட்கார்ந்து, புத்தகத்தில் முதல் வகுத்தல் கணக்கை வாய்க்குள் முணுமுணுத்துப் போட்டுக்கொண்டிருந்தது என் மேஜைவரை கேட்டது. படிப்பில் நாட்டமில்லை என்று அடித்தேன். பிழை ஏதும் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்பினேன்.